300 பவுண்டு, ஐந்து மணி நேரம், ஒரு ஸ்ட்ரிப் கிளப்: சாம்மி லீ படம் பற்றிப் பேசலாம்

கொட்டகைக்காலம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய பிரிட்டிஷ் குற்றப் படங்கள் என்று ஆரம்பித்தாலே இங்கே பேச்சு 'கெட் கார்ட்டர்' பக்கம் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு எட்டு வருடம் முன்னால் வந்த ஒரு படத்துக்காக இந்த இழையைத் திறக்கிறேன். 'தி ஸ்மால் வேர்ல்ட் ஆஃப் சாம்மி லீ'. 1963. கென் ஹியூஸ் எழுதி இயக்கியது. கறுப்பு வெள்ளை, 107 நிமிடம்.

கதையை ரெண்டு வரியில் சொல்லிவிடலாம். லண்டன் சோஹோவில் 'பீப்ஷோ' என்று ஒரு ஸ்ட்ரிப் கிளப். அங்கே ஒரு பெண் ஆடி முடித்ததும் மேடையேறி, நாலு சலித்துப்போன ஜோக் சொல்லி, அடுத்த பெண்ணின் பெயரை அறிவிக்கிற வேலை சாம்மிக்கு. ராத்திரி முழுக்கச் சீட்டாடித் தோற்றுவிட்டு வருகிறான். ஒரு புக்கிக்கு, அதாவது பந்தயப் பணம் வாங்கி நடத்துபவனுக்கு, 300 பவுண்டு தரவேண்டும். சாயங்காலத்துக்குள் தரவில்லை என்றால் ஆட்கள் வருவார்கள். கையில் இருப்பது ஐந்து மணி நேரம்.

300 பவுண்டு என்றால் இன்றைக்குச் சின்னத் தொகையாகத் தெரியும். அன்றைய ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 16, 17 பவுண்டு கிடைத்த காலம். நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதை ஒரே பிற்பகலில் புரட்ட வேண்டும்.

இனி படம் முழுக்க ஓட்டம்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி சாம்மி சந்து சந்தாக ஓடுகிறான். ஒருவனிடம் கடனுக்குச் சரக்குப் பேசி, இன்னொருவனிடம் ரொக்கத்துக்கு அதை விற்று, நடுவில் கிடைக்கும் வித்தியாசத்தைப் பையில் போடுகிறான். அண்ணன் கடைக்குப் போகிறான். கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்கிறான். ஆனால் நடுநடுவே கிளப்புக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். அவன் மேடையேறாவிட்டால் அடுத்த ஆட்டம் தொடங்காது, வேலையும் போய்விடும். மூச்சிரைக்க ஓடிவந்து, முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து ஜோக் சொல்கிறான். முடித்ததும் மறுபடி ஓட்டம்.

இந்த ஏற்பாடுதான் எனக்குப் படத்தின் உயிர். ஸ்ட்ரிப் கிளப் வரும் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அநேகமாக எல்லாவற்றிலும் கிளப் என்பது வில்லன் உட்காரும் இடம், சிவப்பு விளக்கு, புகை, பின்னால் மங்கலாக ஆடும் ஒரு பெண். இதில் கிளப் ஒரு வேலையிடம். ஷிஃப்ட் இருக்கிறது, முதலாளி இருக்கிறான், தாமதமாக வந்தால் திட்டு விழுகிறது. ஆடுகிற பெண்கள் மேடைக்குப் பின்னால் அலுப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பஞ்சாலையையோ மீன் மார்க்கெட்டையோ எடுப்பதுபோல இந்த இடத்தை எடுத்திருக்கிறார் ஹியூஸ்.

பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முடிவை மட்டும் யாரும் போட்டு உடைக்க வேண்டாம்.


வைகைக்கரை எழுதியது:

நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துக் கேட்கிறேன். கொலை இல்லை, கொள்ளை இல்லை, துப்பறிவாளர் இல்லை. இதை எப்படிக் குற்றப் படம் என்று சொல்கிறீர்கள்? சூதாடிக் கடன்பட்டவனின் கதை, அவ்வளவுதானே.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. ஆடை அவிழ்க்கும் கிளப்பைப் பற்றி 1963இல் ஆண்கள் எடுத்த படம். 'வேலையிடம்' என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது காட்டிக் காசு பார்த்திருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.


கொட்டகைக்காலம் எழுதியது:

ரெண்டும் நியாயமான கேள்வி அக்கா. ரெண்டாவதற்கு நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லும் பதில்தான் எனக்கு வேண்டும், நான் முந்திக்கொள்ள மாட்டேன். முதல் கேள்விக்கு, அந்தப் பிற்பகல் முழுக்க ஒரு குற்றம் வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.


குமாஸ்தா எழுதியது:

எனக்கு வரும், ஏனென்றால் இது சட்டம் சம்பந்தப்பட்டது.

இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் ஒன்று உண்டு. அதன் 18ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதாவது பந்தயத்தில் தோற்றவன் பணம் தரவில்லை என்றால் ஜெயித்தவன் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது. நீதிபதி எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார். 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வந்து, 2007இல் அது நடைமுறைக்கு வரும்வரை இதுதான் நிலை. நூற்றறுபது வருடம்!

இதை மனதில் வைத்துக்கொண்டு கதையைப் பாருங்கள். 1963இல் புக்கி என்பவன் ஊரறிந்த தொழிலதிபர் மாதிரி ஆகிவிட்டான். 1961 மே மாதத்திலிருந்து தெருவுக்குத் தெரு பந்தயக் கடை சட்டப்படியே திறந்தாயிற்று. அதற்கு முன்னால் ரொக்கப் பந்தயம் குதிரை மைதானத்துக்கு வெளியே தடை செய்யப்பட்டிருந்தது. முட்டுச்சந்தில் நின்று பந்தயச் சீட்டு வாங்கும் ஆட்கள்தான் கடை. ஆக, பந்தயம் வாங்குவதைச் சட்டம் அனுமதித்துவிட்டது. பாக்கியை வசூலிக்க மட்டும் சட்டத்தில் வழியில்லை.

தொழில் சட்டப்படி நடக்கிறது, வசூல் சட்டப்படி நடக்க முடியாது என்றால் அந்த இடைவெளியில் யார் வந்து நிற்பார்? அடியாள்தான். நாணயமான புக்கிகள் பணம் தராதவனைப் பட்டியலில் போட்டு இனி எவரும் அவனிடம் பந்தயம் வாங்காதபடி செய்வார்கள். மற்றவர்கள் ஆளனுப்புவார்கள். சாம்மியின் புக்கி ரெண்டாவது வகை.

அதனால் வைகைக்கரை கேட்டதற்கு என் பதில், இது குற்றப் படம்தான். அந்தக் குற்றம் முளைத்த ஓட்டை எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்டலாம். படத்தில் யாரும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. சாம்மிக்கு அது தெரிந்தே இருக்கும், அதனால்தான் அவ்வளவு பயம். நோட்டீஸ் வராது, தவணை வராது, ஜாமீனும் கிடையாது. மணி மட்டும் ஓடும்.

ஒரு சொந்த விஷயம். என் அப்பா சீட்டாட்டத்தில் வீட்டையே தொலைத்தவர். சாம்மி ஒவ்வொருவரிடமும் கடன் கேட்கும்போது முதலில் குசலம் விசாரித்து, அப்புறம் ஒரு நகைச்சுவை சொல்லி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவான். அந்த வரிசை எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாம்மியாக நடித்த ஆண்டனி நியூலி அதை எங்கே கற்றாரோ தெரியவில்லை, அப்படியே இருந்தது.


டாகன்ஹாம்காரி எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பல வருடம் சோஹோ பக்கம்தான் வேலை பார்த்தேன், அதனால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

சாம்மி செய்யும் வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அவன் நிலைமை இன்னும் புரியும். பிக்காடிலி சர்க்கஸுக்கு அருகில் விண்ட்மில் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. லாரா ஹென்டர்சன் என்ற பணக்கார விதவை வாங்கி, 1932இலிருந்து விடாமல் காட்சி நடத்திய இடம். அங்கே நிர்வாணமாகப் பெண்களை மேடையில் நிறுத்த அனுமதி உண்டு, ஆனால் அசையக்கூடாது. நாடகங்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியிடம் இருந்தது. சிலை மாதிரி நின்றால் கலை, ஓர் அடி எடுத்து வைத்தால் குற்றம். இந்தச் சிலைகளுக்கு நடுவே கூட்டத்தைத் தக்கவைக்க நகைச்சுவை நடிகர்களை மேடையேற்றினார்கள். பீட்டர் செல்லர்ஸ், டோனி ஹான்காக், புரூஸ் ஃபோர்சித் எல்லாம் அப்படி அங்கே நின்று பழகியவர்கள்தான். பெண்களைப் பார்க்க வந்த கூட்டத்திடம் ஜோக் சொல்வதைவிடக் கஷ்டமான பள்ளிக்கூடம் இருக்க முடியாது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து போனால், பின்னால் இருப்பவர்கள் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து அந்த இடத்தைப் பிடிப்பார்களாம். அதற்குக் குதிரைப் பந்தயத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்.

1958இல் பால் ரேமண்ட் வாக்கர்ஸ் கோர்ட்டில் ரேமண்ட் ரெவ்யூபார் திறந்தார். அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. இது பொது நாடக அரங்கம் இல்லை, உறுப்பினர்களுக்கான தனியார் கிளப் என்றார். தனியார் கிளப்புக்குள் லார்ட் சேம்பர்லின் வர முடியாது. அப்புறம் என்ன, அசையலாம். அதைப் பார்த்துச் சந்துக்குச் சந்து கிளப் முளைத்தது. பெரும்பாலானவை மாடிப்படிக்குக் கீழே ஒரு நிலவறை, இருபது முப்பது நாற்காலி, ஒரு திரை. விண்ட்மில்லால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 1964இல் மூடிவிட்டார்கள். படம் வந்து அடுத்த வருடம்.

சாம்மி நிற்பது இந்த இறக்கத்தின் அடிவாரத்தில். விண்ட்மில்லில் நின்ற நகைச்சுவை நடிகனுக்கு ஏணி மேலே போனது. வானொலி, தொலைக்காட்சி, சினிமா. பீப்ஷோவில் நிற்பவனுக்கு அந்த ஏணி கிடையாது. அந்த ஜோக்குகளை அவன் சொல்லும் விதத்திலேயே அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே ஆடிய பெண்கள் ஒரே கிளப்பில் இருக்க மாட்டார்கள். ஒரு நாளில் பல கிளப். கையில் ஒரு சின்னப் பெட்டியோடு ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு வேகவேகமாக நடப்பார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு அது தினசரிக் காட்சி. சாம்மி மட்டும் ஓடவில்லை, அந்தத் தெருவே அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.


கொட்டகைக்காலம் எழுதியது:

டாகன்ஹாம்காரி அக்கா, இதற்காகத்தான் இழையே திறந்தேன். நன்றி. அண்ணன் கடை வரும் இடம் பற்றியும் சொல்லுங்களேன், அது கிழக்கு லண்டன்தானே?


டாகன்ஹாம்காரி எழுதியது:

ஆமாம், ஒயிட்சேப்பல். சாம்மியின் உண்மையான குடும்பப் பெயர் லீமன். யூதக் குடும்பம். அண்ணன் லூ அங்கே ஒரு டெலி வைத்திருக்கிறான், அதாவது ஊறுகாய், பதப்படுத்திய மீன், இறைச்சி எல்லாம் விற்கும் பலகாரக் கடை மாதிரி. வாரன் மிட்செல் நடித்திருக்கிறார். அண்ணனுக்குத் தம்பிமேல் பாசம், கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறான். அண்ணி மில்லி விடமாட்டேன் என்கிறாள். மிரியம் கார்லின்.

அந்தக் காட்சியில் அண்ணியைக் கெட்டவளாக்காமல் எடுத்திருப்பதுதான் பெரிய விஷயம். கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்பவள் அவள். அந்தப் பணம் அவள் கால்வலி. எத்தனையாவது தடவை இவன் வந்து கேட்கிறான் என்று அவளுக்குத்தான் கணக்கு தெரியும்.

சோஹோவுக்கும் ஒயிட்சேப்பலுக்கும் நடுவே மூன்று மைல்கூட இல்லை. லீமன் என்ற பெயரை லீ என்று சுருக்கிக்கொண்டு அந்த மூன்று மைலைக் கடந்தவன், கடன் கேட்கத் திரும்பி வருகிறான். யூதக் குடும்பங்கள் அப்போதே வடக்கு லண்டன் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டன. படத்தில் தெரியும் அந்தத் தெரு இன்றைக்கு வேறு மக்களின் தெரு. நியூலியே கிழக்கு லண்டன் ஹாக்னியில் 1931இல் பிறந்தவர். அந்தப் பேச்சை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.


ஒளிச்சட்டகம் எழுதியது:

எல்லோரும் கதையைப் பேசுகிறீர்கள், கேமராவைப் பற்றி நான் பேசுகிறேன்.

ஒளிப்பதிவு வுல்ஃப் சுஷிட்ஸ்கி. கொட்டகைக்காலம் முதல் வரியிலேயே 'கெட் கார்ட்டர்' என்று எழுதினாரே, அதை எடுத்தவரும் இவரேதான்! 1971இல் நியூகாசிலை அப்படிக் காட்டியவர், 1963இல் சோஹோவைக் காட்டியிருக்கிறார்.

மனிதரின் வாழ்க்கை தனிக்கதை. 1912இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா அங்கே சோசலிசப் புத்தகக் கடை வைத்திருந்தவர். முப்பதுகளில் ஐரோப்பா இருண்டுகொண்டு வந்தபோது லண்டனுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் படம் பிடித்தது சேரிங் கிராஸ் ரோடு. புத்தகக் கடைகள், அங்கே நின்றபடி படிக்கும் மனிதர்கள், மழை. அந்தச் சாலைதான் சோஹோவின் கிழக்கு எல்லை. ஆக, இந்தப் படத்துக்குக் கேமராவைத் தூக்கும்போது அவருக்கு அந்த வட்டாரத்தோடு முப்பது வருடப் பழக்கம் ஆகப்போகிறது. அப்புறம் ஆவணப்பட இயக்குநர் பால் ரோத்தாவிடம் வேலை செய்தார். 2016இல், 104 வயதில் இறந்தார். இந்தப் படத்தின் புதுப்பித்த பிரதியும் அதே வருடம்தான் வெளிவந்தது.

படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். விடிந்தும் விடியாத சோஹோ. வண்டியில் வைத்த கேமரா தெருத்தெருவாகப் போகிறது. முந்தைய இரவின் குப்பை, அணைந்த விளக்குப் பலகைகள், மூடிய கதவுகள். ராத்திரியில் மினுக்கும் ஓர் இடத்தைக் காலை வெளிச்சத்தில் காட்டுவதுபோலக் கொடுமை வேறில்லை. அரிதாரம் கலைக்காமல் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கிறது தெரு. இதற்கு மேல் அந்த கிளப்பைப் பற்றி மயக்கம் எதுவும் நமக்கு வராது. படம் முழுக்க நாம் பகல் வெளிச்சத்திலிருந்துதான் அந்த நிலவறைக்குள் இறங்குகிறோம், கண் பழகுவதற்குள் வெளியே வந்துவிடுகிறோம்.

குறைந்த செலவு என்பதை நாம் எப்போதும் குறையாகவே பேசுகிறோம். இங்கே அதுதான் பலம். செட் போட்ட சோஹோ என்றால் இவ்வளவு நெரிசல் வந்திருக்காது. நிஜத் தெருவில் நிஜ ஜனங்களுக்கு நடுவே நடிகனை ஓடவிட்டு, பின்னாலேயே கேமரா ஓடுகிறது. சுற்றி நடப்பவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். சாம்மியின் அவசரம் ஒருவருக்கும் பொருட்டில்லை.


பாக்கெட் ரேடியோ எழுதியது:

இது முதலில் படமே இல்லை, தெரியுமா? 1958இல் ஹியூஸ் பிபிசி தொலைக்காட்சிக்கு 'சாம்மி' என்று ஒரு நாடகம் எழுதினார். ஒரே நடிகர், இதே நியூலி. ஓர் அறை, ஒரு தொலைபேசி. முழுக்க அவன் பேசும் பேச்சிலிருந்தே மறுமுனை ஆட்களை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதே வருடம் அதை அமெரிக்காவில் 'எட்டி' என்ற பெயரில் மிக்கி ரூனியை வைத்து எடுத்தார்கள், எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது.

ஐந்து வருடம் கழித்துப் படமாக்கும்போது ஹியூஸ் அந்த அறையின் சுவர்களை இடித்துவிட்டார். தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்களுக்கெல்லாம் முகம் வந்தது. உதவியாளன் ஹாரியாக வில்ஃப்ரிட் பிராம்பெல், கிளப் முதலாளி ஜெரியாக ராபர்ட் ஸ்டீவன்ஸ், சாம்மியை நம்பி வேலை தேடி வரும் பேட்ஸியாக ஜூலியா ஃபோஸ்டர். ஆனாலும் தொலைபேசி போகவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு சாம்மி பேரம் பேசும் இடங்களில் பழைய நாடகத்தின் எலும்பு அப்படியே தெரியும்.

நியூலி பற்றி இன்னொரு விஷயம். 1948இல் டேவிட் லீன் எடுத்த 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் பிக்பாக்கெட் அடிக்கும் அந்தக் கெட்டிக்காரப் பையன் இவர்தான். அந்தப் பையன் வளர்ந்து, திருடவும் தைரியம் போய், வாயை மட்டும் வைத்துப் பிழைத்தால் அது சாம்மி. படம் எடுக்கும் நேரத்தில் நியூலி பெரிய மேடை நட்சத்திரம், பாடகர். அடுத்த வருடமே ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டுஃபிங்கர்' பாட்டு வரிகளை லெஸ்லி பிரிகஸ்ஸோடு சேர்ந்து எழுதினார். அப்படிப்பட்டவர் முகத்தை இவ்வளவு களைப்பாகக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறார்.

இசை கென்னி கிரஹாம். ஜாஸ் சாக்ஸபோன்காரர். தொடக்கத் தெருக்காட்சிகளுக்கு அவர் போட்டதை ஹெட்போனில் கேளுங்கள். அந்த இசைத்தட்டு வெளிவர 50 வருடம் ஆனது, 2013இல்தான் வந்தது.


வைகைக்கரை எழுதியது:

பார்த்துவிட்டேன். நேற்று ராத்திரி ஒரு தடவை, இன்று மத்தியானம் பேட்ஸி வரும் பகுதிகளை மட்டும் மறுபடி.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, என் சந்தேகம் பெரும்பகுதி தவறு. மேடையைக் காட்டும்போது கேமரா ஆடுபவளைவிடப் பார்ப்பவர்களையே அதிகம் நினைவில் நிற்க வைக்கிறது. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். சிரிக்கவும் மாட்டார்கள், கை தட்டவும் மாட்டார்கள். அந்த முகங்களுக்கு முன்னால் நின்று தினமும் வேலை செய்வது என்னவாக இருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் குளிர் எடுத்தது.

ஆனால் பேட்ஸி விஷயத்தில் நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். வடக்கே பிராட்ஃபோர்டில் சாம்மி எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி வந்தவள். வேலை வாங்கித் தருகிறேன் என்றானாம். இவனுக்கு அவள் முகமே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வந்த இடத்தில் அவளும் மேடையேற வேண்டிய நிலைமை வருகிறது. அந்தக் காட்சி வலிக்கிறது, வலிக்கும்படிதான் எடுத்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் வலி யாருடையது? அவள் மேடையில் நிற்கும்போதும் படம் சாம்மியின் மனசைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. அவன் துடிக்கிறான், அவன் குற்ற உணர்ச்சி, அவன் கண். அவள் என்ன நினைத்தாள்? இந்த ஊருக்கு ஏன் வந்தாள், அங்கே வீட்டில் எதை விட்டுவிட்டு வந்தாள்? கொஞ்சம்கூடத் தெரியவில்லை. ஜூலியா ஃபோஸ்டர் முகத்தில் இருப்பதைக் கதை எழுதியவர் பாதிகூடக் கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

கொட்டகைக்காலம், நீங்கள் 'வேலையிடம்' என்று சொன்னது சாம்மிக்குப் பொருந்துகிறது. மற்றப் பெண்களுக்குக்கூட ஓரளவு பொருந்துகிறது, ஒப்பனை அறையில் அவர்கள் பேசிக்கொள்வது நிஜமாக இருக்கிறது. பேட்ஸிக்கு மட்டும் அது வேலையிடமாக இல்லை, தண்டனையாக இருக்கிறது. நல்ல பெண் கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்ற பழைய கதை அந்த ஓர் இடத்தில் மட்டும் உள்ளே நுழைந்துவிட்டது.


கொட்டகைக்காலம் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். நீங்கள் சொல்வது சரி. எனக்கு அந்தக் காட்சி பிடித்ததற்குக் காரணமே சாம்மியின் முகம்தான் என்று இப்போது தெரிகிறது. அடுத்த தடவை அவளைப் பார்த்துக்கொண்டு பார்க்கிறேன்.


இரண்டாம் ஆட்டம் எழுதியது:

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். இந்தப் படத்தை உயர்த்துவதற்காக அந்தக் காலத்து மற்ற ஸ்ட்ரிப் கிளப் படங்களைத் தள்ளிவிட வேண்டாம் நண்பர்களே. எனக்கு அவைதான் உயிர்.

1959, 1960, 1961 மூன்று வருடமும் பிரிட்டனில் இந்த வகைப் படங்கள் வரிசையாக வந்தன. 'எக்ஸ்பிரஸோ போங்கோ', 'பீட் கேர்ள்', 'டூ ஹாட் டு ஹேண்டில்', 'ஜங்கிள் ஸ்ட்ரீட்', 'ஸ்ட்ரிப் டீஸ் மர்டர்'. கடைசியாகச் சொன்னது டான்சிகர் சகோதரர்கள் தயாரித்தது. அமெரிக்கர்கள், எல்ஸ்ட்ரீயில் ஒரு ஸ்டுடியோவை வைத்துக்கொண்டு மளமளவென்று படம் எடுத்துத் தள்ளியவர்கள். இருக்கிற செட்டுக்கு ஏற்றபடி கதை எழுதச் சொல்வார்களாம். பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற துணைப்படம், ஒரு மணி நேரம் சொச்சம். அதில் ஒரு கிளப், ஒரு கொலை, ரெண்டு ஆட்டம், முடிந்தது.

ஏன் எல்லாரும் கிளப்பையே எடுத்தார்கள் என்றால் காரணம் எளிது. ஒரே செட்டில் பாட்டு, ஆட்டம், சண்டை, வில்லன், அழகி எல்லாம் வந்துவிடும். 1951இலிருந்து பெரியவர்களுக்கான எக்ஸ் சான்றிதழ் வந்துவிட்டது, அந்த எழுத்தைப் போட்டாலே கூட்டம் வரும். போதாததற்குப் படக் கம்பெனிகளின் அலுவலகமெல்லாம் வார்டூர் தெருவில், அதாவது சோஹோவுக்குள்ளேயே. தணிக்கை வாரியம் சோஹோ சதுக்கத்தில். கதை எழுதுபவனும் தயாரிப்பாளரும் தணிக்கை அதிகாரியும் தினமும் அந்த வாசல்களைக் கடந்துதான் சாப்பிடப் போயிருப்பார்கள்.

'ஜங்கிள் ஸ்ட்ரீட்' பாருங்கள். டேவிட் மெக்கல்லம் சின்னத் திருடனாக வருவார், ஜில் அயர்லாந்து கிளப்பில். அப்போது ரெண்டு பேரும் நிஜத்தில் கணவன் மனைவி. படம் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையனின் பதற்றத்தில் ஓர் உண்மை இருக்கிறது. சாம்மி வானத்திலிருந்து குதிக்கவில்லை, இந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றவன்.


ஒளிச்சட்டகம் எழுதியது:

நல்லது சொன்னீர்கள் இரண்டாம் ஆட்டம். இன்னொரு வரிசையும் உண்டு. இந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தது பிரயான்ஸ்டன் நிறுவனம். 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்', 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' இரண்டும் வந்த அதே இடம். வடக்கத்தித் தொழிலாளர் வீடுகளைக் காட்டிய அந்த அலையும் சோஹோ கிளப் படங்களும் ஒன்றையொன்று பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்தன. சாம்மியில்தான் இரண்டும் கை குலுக்குகின்றன.


குமாஸ்தா எழுதியது:

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போலீஸ் எங்கே?

சாம்மிக்கு ஒரு நொடிகூடப் போலீஸ் நினைப்பு வரவில்லை. முதலில் இதைத் திரைக்கதையின் ஓட்டை என்று நினைத்தேன். அப்புறம்தான் சோஹோவின் பிற்கால வரலாறு நினைவுக்கு வந்தது. 1972இல் ஒரு ஞாயிறு இதழ் ஒரு செய்தி போட்டது. லண்டன் போலீஸில் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கும் பிரிவான ஃபிளையிங் ஸ்குவாட் தலைவர் கென்னத் டுரூரி, சோஹோவில் ஸ்ட்ரிப் கிளப்களும் ஆபாசப் புத்தகக் கடைகளும் நடத்திய ஜேம்ஸ் ஹம்ஃப்ரீஸோடு சைப்ரஸுக்கு விடுமுறை போயிருந்தார் என்று. ஹம்ஃப்ரீஸ் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று குறித்தே வைத்திருந்தார். 1977இல் டுரூரிக்கு எட்டு வருடம் சிறை.

படம் வந்தது 1963இல், இதெல்லாம் வெளியே வருவதற்கு ரொம்ப முன்னால். ஆனால் அந்தத் தெருவில் பிழைத்த ஒருவனுக்குப் போலீஸிடம் போகலாம் என்ற யோசனையே வராமல் இருந்தது சும்மா இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கோர்ட் புக்கிக்குத் திறக்காத கதவு, ஸ்டேஷன் சாம்மிக்குத் திறக்காத கதவு. ரெண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் அந்த ஐந்து மணி நேரமும் நடக்கிறது.


டாகன்ஹாம்காரி எழுதியது:

நேற்று வேலை விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்தேன். வாக்கர்ஸ் கோர்ட் வழியாக நடந்தேன். படத்தில் பார்த்த அந்த அழுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணாடியும் விளக்குமாக இருக்கிறது. பெர்விக் தெருவில் காய்கறிக் கடைகள் குறைந்து சாப்பாட்டு வண்டிகள்தான் அதிகம். ஆனால் தெருக்களின் அகலம் மாறவில்லை. எதிரே ஒருவர் வேகமாக வந்தால் சுவரோரம் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அப்படி ஒருவர் வந்தார், கையில் போன், யாரிடமோ நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.


வைகைக்கரை எழுதியது:

அந்தப் பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்று எழுதினீர்களே அக்கா, அவர்களில் யாராவது பின்னாளில் தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்களா? பேட்டி, புத்தகம், ஒலிப்பதிவு எதுவானாலும். உங்கள் பக்கத்து நூலகத்தில் ஏதாவது கிடைத்தால் இங்கே எழுதுங்கள். சாம்மியின் கதையைக் கேட்டாயிற்று, எனக்கு அடுத்து அதுதான் வேண்டும்.


டாகன்ஹாம்காரி எழுதியது:

சனிக்கிழமை நூலகம் போகிறேன். கேட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் தங்கச்சி.